பஞ்சுருட்டானுக்கு ஒரு பிராக்கெட்

வருடத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணினி கேட்டது. ராஜசேகர் சைபர் என்று போட்டார். சைபர் செல்லாது என்றது கணினி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்று என்று போட்டார். கணினி நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது.

அந்த ஒன்று என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரிந்திருந்தால் மனிதர் அன்றைக்கு லீவு போட்டிருப்பார்.

ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், டிசைன் பிரிவில் பதினேழு வருடமாக இருப்பவர் ராஜசேகர். நாற்பத்தாறு வயது. யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். பொய் சொல்லவும் வராது, சொன்னால் காது சிவந்துவிடும். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஓடிவந்து, மிச்சம் இருக்கும் பதினெட்டு நிமிடத்தில் அவர் ஒரு போர் விமானத்தை வரைந்துகொண்டிருந்தார். ஒன்பது வருடமாக.

நிஜ விமானம் இல்லை. ஜெட் இன்ஜினை யாரும் கண்டுபிடிக்காமலே விட்டுவிட்ட ஒரு கற்பனை உலகத்தில், ப்ரொப்பெல்லரை வைத்தே சண்டை போடும் விமானம். யாரோடு சண்டை என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. எதிரி நாடு ஒன்றை யோசித்துப் பார்த்தார், யார் மேலும் கோபம் வரவில்லை, விட்டுவிட்டார். விமானத்துக்குப் பஞ்சுருட்டான் என்று பெயர் வைத்திருந்தார். பாரூர் ஏரிப் பக்கம் மின்கம்பியில் உட்கார்ந்திருந்து, சட்டென்று பாய்ந்து தட்டானைப் பிடிக்குமே, அந்தப் பச்சைக் குருவியின் பெயர்.

ஊரில் இருக்கும் விமானம் மாதிரி அவருடையது இருக்காது. மூக்கில் விசிறி கிடையாது. அங்கே பீரங்கி. பீரங்கிக்கு இடம் விட்டு விமானி இடப்பக்கம் ஒதுங்கி உட்கார வேண்டும். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு இன்ஜின், அதற்கும் பின்னால் இன்னொரு இன்ஜின். வால் முனையில் இரண்டு விசிறிகள், ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம் சுற்றும். சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால். இன்ஜினோ இன்னும் விசேஷம். ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடிவந்து, இதோ மோதிவிட்டது என்கிற நேரத்தில் நடுவில் டீசல் வெடித்து, இரண்டும் வந்த வழியே திரும்பும். ராஜசேகர் வீட்டிலும் பல பேச்சுவார்த்தைகள் இதே முறையில்தான் நடக்கும்.

இவ்வளவையும் கம்பெனிக் கணினியில்தான் வரைய முடியும். வீட்டு லேப்டாப் அந்த மென்பொருளைத் திறக்கவே திணறும். வெளியே எடுத்துப் போகவும் வழியில்லை, கம்பெனியில் எல்லா வழியையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஆகவே அவர் தன் விமானத்துக்கு ‘ஸ்டே பிராக்கெட்’ என்று பெயர் போட்டு உள்ளேயே ஒளித்து வைத்திருந்தார். ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பிடித்து நிற்கும் வளைந்த உலோகத் துண்டுதான் ஸ்டே பிராக்கெட். உலகத்திலேயே அதைவிடச் சுவாரசியம் இல்லாத பொருள் கிடையாது, ஒருத்தரும் திறந்து பார்க்கமாட்டார்கள். யாராவது திறந்தாலும் சந்தேகம் வரக்கூடாது என்று முதல் பக்கத்தில் மட்டும் நிஜமாகவே ஒரு பிராக்கெட் இருந்தது. பின் இன்ஜினைத் தாங்கும் பிடி அது. பறப்பதெல்லாம் இரண்டாம் பக்கத்திலிருந்துதான்.

இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருப்பார். அந்தத் திங்கட்கிழமை காலையில் சுஜாதாவிடமிருந்து கடிதம் வந்தது. சுஜாதா கோயம்புத்தூரிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் வந்த டிசைன் பிரிவுத் தலைவர். அதிகம் பேசமாட்டார், அதிகம் சிரிக்கவும் மாட்டார். புது மென்பொருளுக்கு மாறுவதால், ஆர்டர் எதிலும் சேராத டிராயிங்குகள் எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அழிக்கப்படும், சந்தேகம் இருப்பவர்கள் கணினிப் பிரிவு கௌதமைக் கேட்கவும் என்று எழுதியிருந்தார்.

ராஜசேகர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கௌதமைக் கேட்கலாம்தான். கேட்டால் எந்த ஃபைல் என்பான், சொன்னால் திறந்து பார்ப்பான். பதினேழு வருட வேலை ஒரு பக்கம், ஒன்பது வருட விமானம் ஒரு பக்கம். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, பஞ்சுருட்டானை ஏதாவது ஒரு ஆர்டரில் சேர்த்துவிடுவது. ஆர்டர் என்றதும் வருடத்துக்கு எத்தனை என்று கணினி கேட்டது. அந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, பொருள் வாங்கும் பிரிவிலிருந்து விஜயகுமார் போன் செய்தார். மதுரைக்காரர், உதவி செய்வதில் வெறி பிடித்தவர்.

“அண்ணே, ஸ்டே பிராக்கெட்டுன்னு ஒண்ணு வந்திருக்கு. வருசத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீக. மூணு சைபர் விட்டுப்போச்சாண்ணே?”

“இல்ல விஜயகுமார், ஒண்ணுதான்.”

“ஒண்ணை வச்சு என்னண்ணே பண்றது?”

ராஜசேகரின் காது சூடானது. வாயில் வந்ததைச் சொன்னார். “அது வந்து, சும்மா சாம்பிள்.”

அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கம்பெனியில் அவசரம் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாலும் ஒரு வாரம் ஆகும். சாம்பிள் என்று சொல்லிவிட்டால் போதும், புது ஆர்டர் வருகிறது என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். விஜயகுமார் குரலில் உற்சாகம் ஏறிவிட்டது. சாம்பிள் பாஸானால் அன்றைக்கே ஆயிரத்துக்கு ஆர்டர் போட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். பத்தரை மணிக்கெல்லாம் முதல் பக்கத்தின் நகல், பாகலூர் ரோட்டில் சின்ன பட்டறை வைத்திருக்கும் திம்மப்பன் கைக்குப் போய்விட்டது.

ராஜசேகர் பல்வலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பைக்கில் பாகலூர் ரோட்டுக்குப் பறந்தார். எப்படியாவது இதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இழுத்தடிக்க வேண்டும்.

திம்மப்பன் படத்தைச் சுவரில் ஒட்டி, தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கன்னடம், பட்டறையில் தெலுங்கு, கஸ்டமரிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்.

“நோடி சார், நல்ல வேளை வந்தீங்கோ. இது பதினோரு டிகிரி சாஞ்சு இருக்குது. இதுமேல இன்ஜினை வெச்சா மேல பாக்குமே. எந்த லாரி சார் வானத்தெப் பாக்குது?”

ராஜசேகர் பேச்சை மாற்றினார். சாய்வு இருக்கட்டும், உலோகத்தில்தான் தப்பு என்றார். இரும்பு கூடாது, விமானத்துக்குப் போடுகிற உயர்ந்த ரக அலுமினியத்தில்தான் செய்ய வேண்டும், அது கிடைக்கிறவரை கை வைக்காதீர்கள், ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை என்றார். ஓசூர், கிருஷ்ணகிரி, எங்கே தேடினாலும் அது கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். நல்ல யோசனைதான்.

“அதுவா சார்? பீணியாவுல நம்ம மச்சான் அது ஒண்ணுதான் விக்கிறான். நாளைக்கிக் காலையில பெங்களூர் பஸ்ஸுல போட்டு அனுப்புவான்.”

இந்த இடத்தில் நியாயமாகப் பார்த்தால் ராஜசேகர் நொந்துபோயிருக்க வேண்டும். நோகவில்லை. பஞ்சுருட்டானின் உறுப்பு ஒன்று, நிஜ விமான அலுமினியத்தில், கையால் தொடக்கூடிய பொருளாக வரப்போகிறது என்ற நினைப்பு வந்ததும், நிறுத்த வந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திம்மப்பன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூலையில் வளைவு இன்னும் இரண்டு மில்லி இருந்தால் விரிசல் விடாது என்றார். திம்மப்பன் அவசரப்பட்டபோது, பொறுமையாகச் செய்யுங்கள், அதிர்வு பயங்கரமாக இருக்கும் என்று அறிவுரை சொன்னார். புதன்கிழமையும் பல்வலி தொடர்ந்தது.

புதன் சாயங்காலம் பிராக்கெட் கைக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கிராம். ராஜசேகர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, பட்டறைப் புகை என்று சொன்னார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவருடைய விமானத்தில் ஒரு துண்டு இந்த உலகத்துக்கு வந்திருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. பாஸானால் ஆயிரம் என்ற நினைப்பு வீட்டுக்குப் போகும் வழியில் தர்கா பஸ் ஸ்டாப் அருகேதான் வந்தது.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகத் தர ஆய்வுப் பிரிவுக்குப் போனார். அங்கே பொற்கொடி. கல்லாவி ஊர்ப் பெண். அளவுகோல் தப்பு சொன்னாலும் சொல்லும், பொற்கொடி சொல்லமாட்டாள் என்று பெயர் வாங்கியவள். பாஸும் வேண்டாம், ஃபெயிலும் வேண்டாம், கொஞ்ச நாள் அப்படியே நிறுத்திவைக்க முடியுமா, இல்லையென்றால் மெதுவாக அளக்கவாவது முடியுமா என்று ராஜசேகர் கேட்டார்.

“என்னாத்துக்கு சார் மெதுவா அளக்கணும்?” என்றாள் பொற்கொடி.

எல்லோரும் சீக்கிரம் அளக்கச் சொல்லித்தான் அவளிடம் வருவார்கள். மெதுவாக அளக்கச் சொல்லி ஒருத்தர் வந்தது அதுதான் முதல் தடவை. சந்தேகம் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரு தடவை அளப்பதை இதற்கு மூன்று தடவை அளந்தாள். மூன்றாவது தடவையில் ஒரு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருப்பது அகப்பட்டது. பிராக்கெட்டின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

ஃபெயிலானால் ஆர்டர் ரத்து. ஆர்டர் ரத்தானால் பஞ்சுருட்டான் மறுபடியும் அழிக்கும் பட்டியலுக்குப் போய்விடும். அது மட்டுமா? அந்தக் கம்பெனியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால், தப்பு எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க ‘ஐந்து ஏன்’ கூட்டம் போட்டாக வேண்டும். ஏன் என்று ஒரு கேள்வி. அதன் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை கேட்டால் எப்பேர்ப்பட்ட தப்பின் வேரும் வெளியே வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. தலைமை சுஜாதா.

வெள்ளிக்கிழமை ராஜசேகர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. முப்பது நிமிடமும் பஞ்சுருட்டானின் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் திருத்தவில்லை.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் சுஜாதா, விஜயகுமார், ராஜசேகர், சலவைச் சட்டையில் திம்மப்பன். பொற்கொடி வெள்ளைப் பலகையில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுவிட்டுத் திரும்பினாள். ஓட்டை ஏன் தள்ளிப்போனது? அலுமினியம் மெத்தென்று இருக்கும், பிடித்து வைத்த இடத்தில் அசைந்துவிட்டது என்றார் திம்மப்பன். ஏன் அலுமினியம்? ராஜசேகர் சார் சொன்னார். ஏன் சொன்னார்? எடை குறைய வேண்டும் என்று ராஜசேகர் முனகினார். பொற்கொடி ஒவ்வொன்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள்.

“லாரிக்கு ஏன் சார் எடை குறையணும்?” இது நான்காவது.

ராஜசேகர் பேனாவைத் திறந்து மூடினார். விஜயகுமாருக்குப் பொறுக்கவில்லை. “மைலேஜுக்குத்தான் மேடம்,” என்று முந்திக்கொண்டு உதவினார்.

இருபது டன் லாரியில் அரைக்கிலோ குறைந்தால் மைலேஜ் எவ்வளவு கூடும் என்று பொற்கொடி கேட்டாள். விஜயகுமார் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். அதற்குள் ராஜசேகர் எழுந்து நின்றார்.

“அது லாரிக்கு இல்லீங்க,” என்றார்.

பொற்கொடி ஐந்தாவது எண்ணுக்குப் பக்கத்தில் மார்க்கரை வைத்துக்கொண்டு தயங்கினாள். சுஜாதாதான் கேட்டார்.

“அப்புறம் ஏனுங்க வரைஞ்சீங்க?”

ஒன்பது வருடத்தில் ராஜசேகர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. ஏன்? சம்பளம் கூடவில்லை, பதவி கூடவில்லை. மூத்த மகனிடம் ஒரு தடவை காட்டலாம் என்று நினைத்தார், படத்தை வெளியே எடுக்க முடியாது. அந்தப் பதினெட்டு நிமிடத்தில் மட்டும் தான் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்பதை இந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? “ரெண்டாவது பக்கத்தைத் திறங்க மேடம்,” என்றார்.

சுஜாதா திறந்தார். திரையில் சுவர் அகலத்துக்குப் பஞ்சுருட்டான் வந்து நின்றது.

முதலில் வாய் திறந்தவர் திம்மப்பன். “நான் அன்னிக்கே சொன்னேன் சார், இது வானத்தெப் பாக்குதுன்னு,” என்று மேஜையைத் தட்டினார். இன்ஜினும் பின்னால், பெரிய இறக்கையும் பின்னால், இது பின்பக்கமாகப் போய்விடாதா என்று விஜயகுமார் கவலைப்பட்டார். இறங்கும்போது வால் விசிறி தரையில் இடிக்குமே என்றாள் பொற்கொடி. நல்ல கேள்வி. இதற்காகத்தான் வாலுக்கு அடியில் ஒரு துடுப்பு வைத்திருக்கிறேன் என்று ராஜசேகர் விளக்கப் போய், போதாமல், அவள் கையிலிருந்த மார்க்கரை வாங்கி ஐந்து ஏன்களுக்கும் மேலேயே படம் போட்டார். எதிரெதிரே ஓடும் பிஸ்டன்களைக் கையால் நடித்துக் காட்டினார். முன் இன்ஜினின் தண்டு பின் இன்ஜினின் தண்டுக்குள்ளேயே நுழைந்து போகிறது என்றபோது விஜயகுமார் வாயைப் பிளந்தார். இருபது நிமிடம் அந்த மனிதருக்குத் தன் வேலை போகப்போகிறது என்பதே நினைவில்லை.

சுஜாதா மட்டும் ஒன்றும் கேட்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எத்தனை வருசமாங்க?”

“ஒம்போது வருசங்க மேடம்.”

சுஜாதா லேப்டாப்பை மூடினார். அஞ்சு மணிக்குள் கௌதமைப் போய்ப் பாருங்க, இந்த ஃபைல் விஷயத்தை அவன்கிட்ட பேசி முடிச்சுட்டு வாங்க, மத்ததைத் திங்கட்கிழமை பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். கூட்டம் கலைந்தது. பொற்கொடி பிராக்கெட்டை எடுத்து ராஜசேகர் கையில் வைத்தாள். தள்ளுபடியானதை உடைத்துப் போடவேண்டும் என்பது விதி. உடைத்ததாக எழுதிக்கொள்கிறேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். வேலை விஷயத்தில் அவள் வாழ்நாளில் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

கணினிப் பிரிவு கட்டடத்தின் கடைசியில் இருந்தது. ராஜசேகர் அந்த வராந்தாவை இவ்வளவு மெதுவாக ஒருநாளும் நடந்ததில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம், சிப்காட்டில் கம்பெனிக்கா பஞ்சம். பஞ்சுருட்டான் போனால் போனதுதான். சின்ன இறக்கையின் கோணத்தைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. சட்டைப் பையில் பிராக்கெட் கனமாக இடித்தது.

கௌதம் அந்தப் பிரிவின் ஒரே ஊழியர். ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு அழிக்கவேண்டிய பட்டியலைத் திரையில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால்.

“ஸ்டே பிராக்கெட்னு ஒரு ஃபைல் இருக்குது கௌதம்,” என்றார் ராஜசேகர். “மேடம் அனுப்புனாங்க. என் கையால அழிக்க மனசு வரலை, நீயே அழிச்சுடுப்பா.”

கௌதம் நாற்காலியைத் திருப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்தப் பேர்ல ஆளாளுக்கு ஒளிச்சு வெச்சிருக்குற முப்பத்தேழு ஃபைல்ல ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு மேடம் போன மாசமே சொல்லிட்டாங்களே சார், அவங்க மனசுக்குள்ள கட்டி வெச்சிருக்குற வீடும் அதுலதான் இருக்குது, மூணு மாடி, ஒரு மாடியிலயும் சமையக்கட்டு கிடையாது.”